புயலுக்கு முந்தைய நாளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோடிகள் தினமான ஜூன் 25 அன்று வணிகக் கப்பல் வேலையைப் பற்றி உங்கள் நாளிதழில் முழுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். பார்த்ததும் மனம் நிறைந்தது. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நிறைய உண்டு. ஆனாலும் எங்கள் பிழைப்பு பத்திரிகையில் வருவது அபூர்வம். அந்தப் பக்கத்தில் சம்பளக் கணக்கு இருந்தது, வெளிநாட்டுத் துறைமுகங்களின் பெயர்கள் இருந்தன, ராட்சத அலையில் கப்பல் ஏறி இறங்கும் படமும் இருந்தது. அந்த அலைக்குள் இருக்கிறவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. சரக்குக் கப்பல்களில் கலாசியாகச் சேர்ந்து, ஏ.பி. என்னும் தேர்ந்த மாலுமி ஆகி, கடைசியில் போசனாக ஓய்வுபெற்றவன் நான். போசன் என்றால் டெக், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. விட்டுப்போனதைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு கப்பல் புயலைத் தாங்குமா என்பது பெரும்பாலும் புயல் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முந்தைய நாள் டெக்கில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் தூங்கி எழுந்தவர்களா, கேட்டு எழுதிய சாமான் வந்து சேர்ந்ததா என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. இதை வெளியில் யாரும் பேசுவதில்லை.

சாதாரண நாளிலிருந்து தொடங்குகிறேன். கப்பலில் நேரம் என்றால் வாட்ச் கணக்குதான். பன்னிரண்டு முதல் நாலு, நாலு முதல் எட்டு, எட்டு முதல் பன்னிரண்டு என மூன்று வாட்ச். ஒவ்வொன்றும் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை வரும். நாலு–எட்டு சீஃப் ஆபீசருக்கு, எட்டு–பன்னிரண்டு தேர்டு ஆபீசருக்கு, ஊரே தூங்கும் பன்னிரண்டு–நாலு செகண்ட் ஆபீசருக்கு. ஒவ்வொருவரோடும் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் ஒரு ஆள் நிற்பார். இருட்டையே பார்த்துக்கொண்டு, விளக்கு தெரிந்தால் சொல்வது அவர் வேலை. போசனுக்கும் மற்றவர்களுக்கும் பகல் வேலை. காலையில் சீஃப் ஆபீசரிடம் அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு டெக்கில் இறங்குவோம். பத்து மணிக்கு டீ, பன்னிரண்டுக்குச் சாப்பாடு, மூன்றுக்கு மறுபடி டீ, ஐந்துக்குக் குளியல். வாரம் ஒருநாள் தீயணைப்புப் பயிற்சியோ படகுப் பயிற்சியோ நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் ஐஸ்கிரீமும். நம் ஆட்கள் இருக்கும் கப்பலில் ஞாயிறு பிரியாணி வரவில்லை என்றால் கடல் ரொம்ப மோசமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பகல் வேலையில் பெரும் பகுதி துருவோடுதான். உப்புக்காற்றில் இரும்பு சும்மா இருக்காது. சிப்பிங் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் இரண்டு கை அடித்து, அதன்மேல் பெயின்ட். காற்றுப்போக்கிகளின் மூடிகளைத் திறந்து மூடிப் பார்ப்போம், கீல்களுக்குக் கிரீஸ் வைப்போம். ஹேட்ச் எனும் சரக்கறை வாய்களின் மூடிகளில் உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, மூடியை இறுக்கும் கிளீட்டுகள் எல்லாம் கடிக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஏதோ பெயின்ட் அடிக்கிற வேலை. ஆடி மாதத்தில் ஓடு மாற்றினால்தான் ஐப்பசி மழையில் வீடு ஒழுகாது. அந்தக் கதைதான் இங்கும். துருப்பிடித்து இறுகிய மூடியை அலை அடிக்கும் நேரத்தில் போய் மூட முடியாது. அப்போது அங்கே போகவே முடியாது.

என் அப்பா தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போனவர். காற்றுக் காலம் வந்தால் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு, பாய் தைப்பதும் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று அடிப்பதுமாகக் கரையில் இருப்பார்கள். இரும்புக் கப்பலுக்கு அப்படி ஒரு ஓய்வுக்காலம் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளித்துக் கிடந்தாலும் எண்ணெயும் உரமும் வந்தாக வேண்டும். நம் ஊர் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி எந்த மாதமும் நிற்கக் கூடாது. உலக வணிகச் சரக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடல்வழியாகத்தான் போகிறது. அதெல்லாம் நல்ல வானிலையில் மட்டும் வந்து சேருவதில்லை.

புயலுக்குத் தயாராவது எப்படி என்று ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். கப்பலின் முகப்பில், அப்பாவின் மொழியில் அணியத்தில், நங்கூரச் சங்கிலி ஒரு குழாய் வழியாகக் கீழே சங்கிலி அறைக்குள் இறங்கும். அதற்கு ஸ்பர்லிங் பைப் என்று பெயர். முகப்பில் அலை ஏறினால் அந்தக் குழாய் வழியே தண்ணீர் கொட்டி அறை நிரம்பும். முகப்பு கனத்துத் தாழும், தாழ்ந்தால் அடுத்த அலை இன்னும் அதிகமாக ஏறும். அதனால் பெருங்கடலில் இறங்கும் முன் அதை அடைப்போம். சங்கிலி வளையங்களின் இடுக்கில் சாக்குத் துணியைத் திணித்து, மேலே சிமென்ட் குழைத்துப் பூசி, கான்வாஸ் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டுவோம். குனிந்து, முட்டிபோட்டு, கை மட்டும் நுழையும் இடுக்கில் செய்ய வேண்டிய வேலை. சிமென்ட் இறுக நேரம் வேண்டும். துறைமுகத்திலிருந்து வெளியேறிய சில மணி நேரத்திலேயே கடல் எழும்பினால் அந்த நேரம் கிடைக்காது. இப்போது பல கப்பல்களில் இரும்பு மூடி வந்துவிட்டது. ஆனால் அந்த மூடியும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே ஆர்க்கிட் என்ற சூறாவளியில் டெர்பிஷையர் என்ற பிரிட்டிஷ் கப்பல், இரும்புத் தாதுவோடும் 44 உயிர்களோடும் மூழ்கியது. மிகப் பெரிய கப்பல், கட்டிச் சில ஆண்டுகளே ஆனது. உதவி கேட்டு ஒரு குரல்கூட வெளியே வரவில்லை. 1994-இல்தான் கடலடியில் சுமார் 4 கிலோமீட்டர் ஆழத்தில் அதன் உடைந்த பாகங்களைக் கண்டுபிடித்தார்கள். முகப்பு அறையின் மூடியை மாலுமிகள் சரியாக மூடாமல் விட்டார்கள் என்று 1998-இல் ஓர் அறிக்கை சொன்னது. இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. 2000-இல் முடிந்த மறுவிசாரணை அந்தப் பழியை நீக்கியது. முன்தளத்தில் இருந்த காற்றுக்குழாய்களையும் காற்றுப்போக்கிகளையும் அலை உடைத்தது, அந்த வழியே தண்ணீர் புகுந்து முகப்பு தாழ்ந்தது, முதல் ஹேட்ச் மூடி நீரின் கனம் தாங்காமல் நொறுங்கியது, அடுத்தடுத்த மூடிகளும் போயின என்று அது சொன்னது. முன்தள மூடிகளைப் பார்த்துக்கொள்வது போசனுடைய பொறுப்பு. இறந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த ஆட்களின் மேல் பழி விழுந்தது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் பார்த்த கடல்களில் எது மோசம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். வட பசிபிக்கின் குளிர்காலம் மோசம். பிஸ்கே விரிகுடாவும் மோசம். ஆனால் என்னைக் கேட்டால் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையைத்தான் சொல்வேன். அந்தக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. அந்தத் திசையில் போகும் கப்பலுக்கு எண்ணெய்ச் செலவில்லாமல் வேகம் கிடைக்கும். ஆனால் எதிரே தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வந்து நீரோட்டத்தில் மோதினால், அலைகளின் இடைவெளி குறுகி ஒவ்வொன்றும் செங்குத்தாக எழும்பும். அலைக்கு முன்னால் ஆழமான பள்ளம் விழும். கப்பல் அந்தப் பள்ளத்தில் மூக்கைக் குத்தினால், எழுவதற்குள் அலை மேலே விழுந்துவிடும். அதனால் காற்று மாறும் என்று தெரிந்தால் நீரோட்டத்தை விட்டு விலகி, 200 மீட்டர் ஆழக்கோட்டுக்கு உள்ளே கரைப்பக்கம் வந்துவிட வேண்டும் என்பது அந்த வழியில் போகும் கேப்டன்கள் கற்றுவைத்திருக்கும் பாடம். 2023-இன் கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு, சூயஸ் வழியை விட்டு எத்தனையோ கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அங்கே குளிர்காலக் கடலைப் பார்த்தே இராத இளம் பிள்ளைகளும் அந்த வழியில் போக வேண்டியிருந்தது.

ஒருமுறை நாங்கள் அந்தக் கரையில் உள்ள ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பியிருந்தோம். கிரேன் இல்லாத பல்க் கேரியர், அதாவது சரக்கை மூட்டையில்லாமல் கொட்டி ஏற்றும் கப்பல்; ஏழு ஹோல்டு, அதாவது ஏழு சரக்கறை. ஏற்றி முடிந்ததும் ஹேட்ச் மூடல், கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்ற டிராஃப்ட் கணக்கு, நடு இரவில் கயிறு அவிழ்ப்பு, விடிந்ததும் டெக்கில் கிடந்த கரித்தூளைக் கழுவல், அப்புறம் அசையும் சாமான்களைக் கட்டும் லாஷிங், சங்கிலிக் குழாய்க்குச் சிமென்ட் என்று வேலை தொடர்ந்துகொண்டே இருந்தது. காலையில் வடகிழக்குக் காற்று வீசியது. பாரோமீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. பிற்பகலில் காற்று விழுந்து கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தென்மேற்கு அடிவானம் கறுத்தது. கேப்டன் கப்பலைக் கரைப்பக்கம் திருப்பத் தொடங்கியிருந்தார். ஆனால் நாங்கள் ஆழக்கோட்டுக்கு உள்ளே வருவதற்குள் காற்று வந்துவிட்டது. இருட்டுவதற்குள் காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 9 என்று லாக் புத்தகத்தில் எழுதினார்கள். அதாவது 41 முதல் 47 நாட் வேகம்; ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.

இரவில் முகப்பிலிருந்து சத்தம் கேட்டது. கப்பலின் அடிப்பாகம் அலையில் அறையும்போது வரும் அதிர்வு வேறு. அதை வயிற்றில்தான் உணர்வோம். இது இரும்பு இரும்பில் இடிக்கும் சத்தம். இடது பக்க நங்கூரம். பத்து டன் எடை. அதைப் பிடித்திருப்பவை மூன்று: சங்கிலியை ஏற்றி இறக்கும் வின்ட்லாஸ் இயந்திரத்தின் பிரேக், சங்கிலியின் குறுக்கே விழும் ஸ்டாப்பர், அதற்குமேல் நாங்கள் போடும் வயர் லாஷிங். லாஷிங் தளர்ந்தால் நங்கூரம் தன் குழாய்க்குள் ஆடி, கப்பலின் தகட்டில் இடிக்கத் தொடங்கும். அந்த வயரில் இழை பிரிந்திருந்தது எங்களுக்கு முன்பே தெரியும். புதிய வயரும் அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளும் வேண்டும் என்று சீஃப் ஆபீசர் சில துறைமுகங்களுக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தார். அடுத்த சப்ளையில் வரும் என்று கம்பெனி பதில் அனுப்பியிருந்தது. இருந்ததை இரட்டையாகப் போட்டுக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினோம்.

இரவில் யாரும் டெக்கில் இறங்கக் கூடாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். வேகத்தைக் குறைத்து, கப்பல் திருப்பத்துக்குக் கட்டுப்படும் அளவுக்கு மட்டும் இன்ஜினை ஓட விட்டு, அலையை நேர் முகத்தில் வாங்காமல் சற்றுப் பக்கவாட்டில் வாங்கி இரவை ஓட்டினார். எத்தனையோ கேப்டன்களோடு போயிருக்கிறேன், அந்த முடிவுக்காக இவரை இன்றும் மதிக்கிறேன். விடிந்தபோது ஆழக்கோட்டுக்கு உள்ளே வந்திருந்தோம். அலை உயரமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் செங்குத்து போய்விட்டது. அவர் பிரிட்ஜின் ஓரத்தில் நின்று வெகுநேரம் கடலையே பார்த்தார். பெரிய அலைகள் சில கடந்ததும் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் கப்பலைச் சுற்றித் திருப்பிக் காற்றுக்கு முதுகு காட்ட வைத்தார். முன்தளம் அலை ஏறாமல் இருக்க அதுதான் வழி.

சீஃப் ஆபீசர், நான், கோவாக்காரர் ஒரு ஏ.பி., மூன்று பேரும் இடுப்பில் ஹார்னஸ் மாட்டி, முந்தின நாளே டெக்கின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த லைஃப்லைனைப் பிடித்துக்கொண்டு முன்னே போனோம். பிரேக்கை முதலில் இறுக்கினோம். செயின் பிளாக் என்னும் சங்கிலிக் கப்பி போட்டு நங்கூரத்தைக் குழாயோடு ஒட்ட இழுத்து, துறைமுகத்தில் கட்டும் பழைய கயிற்று வயரை வெட்டிச் சங்கிலிக்குள் செலுத்தி ஷேக்கிள் என்னும் இணைப்பு வளையம் போட வேண்டும். ஷேக்கிளின் பின் மரையில் ஏற மறுத்தது. விரல் மரத்துப்போய் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. அந்த ஏ.பி. பல்லால் கையுறையை உருவித் துப்பிவிட்டு, வெறும் உள்ளங்கையில் பின்னை வைத்து உருட்டி உருட்டி மரையில் ஏற்றினார். தோல் உரிந்து ரத்தம் வந்தது. சத்தம் நின்றது. திரும்பி வந்து பார்த்தால் மெஸ்ஸில் யாருமே பேசவில்லை. எல்லோரும் அந்தச் சத்தத்தைத்தான் இரவெல்லாம் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

இன்ஜின் ரூம் ஆட்களின் இரவைப் பற்றி எங்களுக்கே பாதிதான் தெரியும். பின்பக்கம் தூக்கினால் புரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே வந்து, சுமையில்லாமல் சீறும். மறுபடி தண்ணீரில் இறங்கினால் இன்ஜின் திணறும். கப்பல் ஆடும் ஆட்டத்தில் எண்ணெய்த் தொட்டியின் அடியில் படிந்த கசடு கலங்கி மேலே வரும், ஃபில்டர் அடைக்கும். ஒரு பக்க ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுவதற்குள் மறுபக்கம் அடைத்துவிடும். அந்தச் சூட்டில், கைப்பிடியை விட்டால் விழுந்துவிடும் தரையில், இதை மணிக்கணக்காகச் செய்கிறார்கள். இன்ஜின் நின்றால் கப்பல் அலைக்கு விலா காட்டித் திரும்பிவிடும். அதற்கப்புறம் கேப்டனின் கையில் ஒன்றும் இல்லை. கரையில் எல்லோரும் கேப்டனைத்தான் பேட்டி எடுக்கிறார்கள். அந்த இரவில் கப்பலைத் திருப்பத்துக்குக் கட்டுப்படுத்தி வைத்தவர்களில் கீழே இன்ஜினுக்கு எண்ணெய் போட்டுக் கவனித்த ஆயிலரும் ஒருவர்.

சமையல்காரரையும் சொல்ல வேண்டும். அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கும். பானையைப் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டார். கடல் மோசமானால் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவே மாட்டார். பருப்பும் அரிசியும் சேர்த்துக் கிச்சடி, இல்லை என்றால் கஞ்சியும் ஊறுகாயும். மேஜை விரிப்பை நனைத்துப் போட்டால் தட்டு வழுக்காது. புதுப் பிள்ளைகள் வாந்தி எடுத்து, சாப்பாடே வேண்டாம் என்பார்கள். வெறும் வயிறுதான் இன்னும் புரட்டும் என்று காய்ந்த ரொட்டியையும் பிஸ்கட்டையும் அவர்கள் கையில் திணிப்பார். கேபினில் படுத்தால் உருண்டு விழாமல் இருக்க மெத்தையின் ஒரு ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் சொருகி, சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் உடம்பை இறுக்கிக்கொள்வோம். கண் மூடும், தூக்கம் வராது. தசை எல்லாம் இரவெல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும். மறுநாள் எழுந்தவனைப் பார்த்து ஓய்வெடுத்தவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பதிவேட்டில் அது ஓய்வு நேரம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம் இதுதான். 2006-இல் ஏற்கப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியாவும் 2015-இல் அதை ஏற்றது. குறைந்தபட்ச ஓய்வை வைத்துக் கணக்கிட்டால், எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரம், எந்த ஏழு நாளிலும் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். நாளின் ஓய்வை இரண்டுக்கு மேல் துண்டாக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் சுமார் இருபது பேரை வைத்து ஓட்டும் பெரிய கப்பலில், துறைமுகத்துக்குள் நுழைந்து, சரக்கு ஏற்றி, அன்றிரவே வெளியேறும் நாட்களில் இந்தக் கணக்கு எப்படி நிறைவேறும்? பல கப்பல்களில் தாளில்தான் நிறைவேறுகிறது. எழுதும் கை கணக்குக்கு ஏற்ப எழுதுகிறது. ஆய்வாளர் வந்தால் தாளைப் பார்ப்பார். உள்ளபடி எழுதினால் கப்பலுக்குக் குறை எழுதுவார்கள், அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இப்படித் தூங்காத ஆட்கள்தான் புயலுக்கு முந்தின நாள் கிளீட்டை இறுக்குகிறார்கள், சங்கிலிக் குழாயில் சிமென்ட் பூசுகிறார்கள். இது எல்லாக் கப்பலிலும் இல்லை. ஆள் போதுமான அளவு வைத்து, கேட்டதை வாங்கிக்கொடுக்கும் கம்பெனிகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே அதே கடல் பாதி கடலாகத்தான் தெரியும்.

நம் ஊர்க் கரையிலேயே நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயல் கரையைக் கடந்த நாளில், சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் காற்றில் அடித்துவரப்பட்டுப் பெசன்ட் நகர்ப் பக்கம் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களின் படகு கவிழ்ந்தது. அவர்களில் சிலர் பிழைக்கவில்லை. கப்பலிலேயே நின்றவர்களைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் மீட்டது. கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அந்தக் கப்பல் பணமின்றி, போதிய பொருட்களின்றி நாள்கணக்கில் வெளியே நின்றிருந்தது என்ற செய்திகள் பிறகுதான் வந்தன. படகில் இறங்கிய பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் கதை அந்தப் புதன்கிழமை மாலையில் தொடங்கவில்லை. புயலுக்கு வெகு நாள் முன்பே தொடங்கியிருந்தது. அப்போது அதை எழுத எந்த நிருபரும் அங்கே இல்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை போனில் "கடல் நல்லா இருக்குப்பா" என்றுதான் சொல்வான். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். அதனால் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், டெக்கில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், சம்பளம் வீட்டுக்கு மாதாமாதம் வருகிறதா, சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கும் முகவர்களிடம் ஏமாறாதீர்கள். கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது அந்த உடன்படிக்கையின் விதி. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். கட்டணம் கேட்கிறவர்கள் அனுப்பும் கப்பலில் வயரும் டர்ன்பக்கிளும் கேட்டதும் வந்துவிடும் என்று நான் நம்பமாட்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கப்பல் ஒன்று புயலில் சிக்கியது என்ற செய்தி வந்தால், அலை எத்தனை மீட்டர் என்பதோடு நிறுத்தாமல், அந்தக் கப்பலில் எத்தனை பேர், எத்தனை மாதமாக இறங்காமல் இருக்கிறார்கள், சம்பளம் பாக்கி உண்டா, கடைசி ஆய்வில் என்ன குறை எழுதினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதற்கும் முன்னால், இந்தக் காற்றுக் காலத்திலேயே நம் வ.உ.சி. துறைமுகத்துக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். முறைப்படி அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும், அது கொஞ்சம் அலைச்சல்தான். கப்பல் கிளம்புகிற நாளாகப் பார்த்துப் போகட்டும். கேப்டனிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல் போசனையும் ஆயிலரையும் சமையல்காரரையும் பார்க்கட்டும். என்ன பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், துறைமுக வாசல்வரை நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன்,
தூத்துக்குடி.